சேலத்துல பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஓட்டணுமா? ஏற்காடு மலை ஏத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

கேக்குறவங்க எல்லாருக்கும் நான் மொதல்ல சொல்றது ஒண்ணுதாங்க. கைல மூணு லட்சம் இருந்தா ரெண்டு லட்சத்துக்கு வண்டி பாருங்க, மிச்ச ஒரு லட்சத்த தொடாதீங்க, அது வண்டியோட காசு, உங்க காசு இல்ல. பழைய வண்டிய யாரும் எல்லாம் சரியா இருக்கும்போது விக்க மாட்டாங்க. டைமிங் பெல்ட் மாத்தற நேரம் வந்திருக்கும், டயர் தேஞ்சிருக்கும், ஏசி கூலிங் வராது, இப்படி நாலு செலவு ஒண்ணா வந்து நிக்கும்போதுதான் விளம்பரம் போடுவாங்க, அந்த நாலு செலவும் சாவியோட சேந்து உங்க கைக்கு வந்துரும்.

என் கணக்கையே சொல்லிடறேன். 2019-ல ஒரு 2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வி-டெக் வண்டிய மூணாவது ஓனர் கிட்ட இருந்து 1,60,000 ரூபாய்க்கு எடுத்தேன். மொத வருஷம் ஆன செலவு: டைமிங் பெல்ட்டு, டென்ஷனர், வாட்டர் பம்பு எல்லாம் சேத்து 9,000, நாலு டயரு 18,000, நாலு ஷாக் அப்சார்பரு 22,000, லோயர் ஆர்மு புஷ்ஷு (இரும்பு மூட்டுக்கு நடுவுல உக்காந்து அதிர்ச்சிய வாங்கற உருளை) 11,000, ரேடியேட்டரும் ஹோசும் 8,500, டிஸ்க் பேடு பிரேக் ஆயிலு 9,000, கிளட்ச் செட்டு 12,000, ஏசி 14,000. கூட்டிப் பாத்தா 1,03,500 ரூபாய். ஒண்ணு கூட ஆசைக்காக செஞ்சது இல்ல, எல்லாமே வண்டி ஒழுங்கா நிக்கணும் ஒழுங்கா ஓடணும்னு செஞ்சது. ரெண்டாவது வருஷம் 28,000-தான் ஆச்சு, அதுக்கப்புறம் வருஷம் முப்பதுக்கும் நாப்பதுக்கும் நடுவுல ஓடிட்டு இருக்கு, இன்சூரன்ஸ் பெட்ரோல் தனி. இந்த மொத வருஷத்து லட்ச ரூபாய தெரிஞ்சே தயாரா இருக்கிறவனுக்கு வண்டி சந்தோஷம் குடுக்கும், தெரியாம வாங்கினவன் ஆறாவது மாசம் அடுத்த விளம்பரம் போட்டுருவான்.

எந்த வண்டி வாங்கறது

நம்ம ஊர்ல பழைய ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு, ரெண்டாயிரத்துக்கு முன்ன பின்ன இங்கயே செஞ்சு வித்த வேகமான வண்டிங்க. ஹோண்டா சிட்டி வி-டெக் 106 குதிரை, பியட் பாலியோ 1.6 நூறு குதிரை, மறைமலை நகர்ல செஞ்ச போர்டு ஐகான் 1.6, திருவள்ளூர்ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் பேக்டரில செஞ்ச மிட்சுபிஷி லான்சர், அப்புறம் வந்த செடியா, டர்போ வெச்ச ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். பாக்க சாதாரண வண்டி மாதிரிதான் இருக்கும், ஆனா எடை கம்மி, இன்ஜின் ஜாஸ்தி, ஸ்டீயரிங்ல ரோடு என்ன பேசுதுன்னு கைக்கு வரும். ரெண்டாவது ஜாதி நிஜமான ரெண்டு சீட்டு வண்டிங்க, பிஎம்டபிள்யூ இசட்4, பென்ஸ் எஸ்எல்கே, ஆடி டிடி, போர்ஷே பாக்ஸ்டர். இதெல்லாம் புதுசுல இருந்த விலைக்கு இப்ப எவ்வளவோ கம்மில கிடைக்குதுன்னு மனசு துள்ளும், ஆனா விலைதான் இறங்கும், பார்ட்ஸ் விலை இறங்காது, அம்பது லட்சத்து வண்டியோட பம்ப்பு எப்பவும் அம்பது லட்சத்து வண்டியோட பம்ப்புதான்.

நம்ம நாட்டுலயே செஞ்ச ரெண்டு சீட்டு வண்டி ஒண்ணும் இருக்கு, சான் ஸ்டார்ம்னு பேரு, பைபர் பாடி, 1.2 ரெனால்ட் இன்ஜின். ரொம்ப அபூர்வமாத்தான் கண்ணுல படும். எங்கயாவது கிடைச்சா பாடி பைபருங்கறதால துருவுக்கு பயமில்ல, ஆனா ஒரு கண்ணாடி உடைஞ்சா என்ன செய்வீங்கன்னு மொதல்லயே யோசிச்சுக்கோங்க.

மொத தடவ வாங்கறவங்களுக்கு என் அபிப்ராயம், முதல் ஜாதிலயே ஒண்ணு எடுங்க, அதுலயும் கம்பெனி இன்னும் நம்ம நாட்டுல கடை தொறந்து வெச்சிருக்கிற வண்டியா பாருங்க. போர்டு 2021-ல இங்க கார் செய்யறத நிறுத்தப் போறோம்னு அறிவிச்சிருச்சு, பியட்டும் புது கார் விக்கறத எப்பவோ நிறுத்திருச்சு. அந்த வண்டிங்க மட்டம்னு சொல்லல, பாலியோவோட ஸ்டீயரிங்கும் அது ரோட்ட புடிச்சு நிக்கிறதும் இன்னிக்கும் மனசுல இருக்கு, ஆனா ஒரு ஹெட்லைட்டுக்காக சென்னை புதுப்பேட்டை, பெங்களூர் ஜேசி ரோடுன்னு அலைய நேரமும் ஆளும் இருக்கணும்.

போர்ஷே ஆசை இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 1997-ல இருந்து 2008 வரைக்கும் வந்த பாக்ஸ்டர்ல ஐஎம்எஸ் பேரிங்னு ஒண்ணு இருக்கு, இன்ஜினுக்குள்ள வால்வ தொறந்து மூடற கேம் தண்டு ஓடறதுக்கு நடுவுல நிக்கிற தண்டோட பேரிங்கு, அது போச்சுன்னா இன்ஜினே போச்சு. உலகம் பூரா தெரிஞ்ச விஷயம் இது. முந்தின ஓனர் மாத்திட்டாரான்னு பில்லோட கேளுங்க, பில்லு இல்லன்னா மாத்தலன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டு விலை பேசுங்க.

பாக்கப் போகும்போது

காலைல போங்க, போறதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிடுங்க, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் பானட்டு மேல கைய வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஓட்டி சூடு பண்ணி வெச்சிருக்காங்க, அதுக்கு ஒரு காரணம் இருக்கும். குளுந்த இன்ஜின் பேசற உண்மைய சூடான இன்ஜின் பேசாது. ஸ்டார்ட் பண்ணதும் சைலன்சர் பின்னாடி ஒரு ஆள நிக்க வைங்க. நீலப் புகை வந்தா ஆயில் குடிக்குது, வெள்ளைப் புகை நிக்காம வந்து கொஞ்சம் இனிப்பு வாசம் அடிச்சா ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் தலைக்கு அடில இருக்கிற சீல் வழியா கூலன்ட், இன்ஜின ஆற வைக்கிற தண்ணி, உள்ள போகுது, கருப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி. ஆயில் மூடிய கழட்டிப் பாருங்க, உள்பக்கம் மோர்ல எடுத்த வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தா ஆயிலும் தண்ணியும் கலக்குதுன்னு சந்தேகப்படுங்க.

அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட், ஒவ்வொரு சிலிண்டர்லயும் எவ்வளவு அழுத்தம் நிக்குதுன்னு மீட்டர் வெச்சு பாக்கறது. அரை மணி நேர வேலை, ஓனர் வேணாம்னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. நம்பர் எவ்வளவுங்கறத விட நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கான்னு பாருங்க, மூணு 170 பிஎஸ்ஐ-ல நின்னு ஒண்ணு மட்டும் 130-ல நின்னா இன்ஜின் பிரிக்கிற செலவ இப்பவே கணக்குல சேத்துக்கோங்க. ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் அடிங்க, டக் டக் டக்னு சத்தம் வந்தா சிவி ஜாயிண்ட், சக்கரத்துக்கு இன்ஜின் சக்திய கொண்டுபோற மூட்டு, போயிருச்சுன்னு அர்த்தம். டயர் பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2319-ன்னு போட்டிருந்தா 2019-ஓட 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் ஆறேழு வருஷம் தாண்டின டயர நம்பி மலை ஏறக்கூடாது, ரப்பர் கெட்டிப்பட்டு ஈரத்துல புடிக்காது.

சென்னை வண்டின்னா ரெண்டு விஷயம் கூடுதலா பாருங்க. ஒண்ணு உப்புக்காத்து துரு, கதவுக்கு அடில விரல் நகத்தால சுரண்டிப் பாருங்க, பட்டி பூசியிருந்தா காந்தம் ஒட்டாது. இன்னொண்ணு வெள்ளம். 2015 டிசம்பர்ல எத்தன வண்டி முங்குச்சுன்னு நமக்கெல்லாம் தெரியும், அதுல பலது கழுவித் தொடச்சு வெளியூருக்கு வந்துச்சு. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, உள்ள சுருண்டிருந்த பாகத்துல சேத்துக் கறை கோடு மாதிரி நிக்கும், அத யாரும் கழுவ மாட்டாங்க. சீட்டு நகர்ற தண்டவாளத்துக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. மேட்டூர், ஓமலூர், சங்ககிரி பக்கம் நின்ன வண்டின்னா துரு கம்மிதான், நம்ம வறண்ட காத்து அதுக்கு நல்லது, ஆனா டேஷ்போர்டு, ரப்பர் பீடிங், ஹெட்லைட் எல்லாம் வெயில்ல வெந்திருக்கும்.

பேப்பர் வேலை

இத சுருக்கமா முடிச்சுடறேன், ஆனா விட்டுடாதீங்க. சொந்த வண்டிக்கு ஆர்சி 15 வருஷம், அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதியா இருக்குன்னு பாக்கறது) காட்டி புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு இந்த கட்டணம் 600-ல இருந்து 5,000 ஆச்சு, 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க, இறக்குமதி காருக்கு 80,000, ஜிஎஸ்டி தனி. ஆக 2003 மாடல் ஜெர்மன் ரோட்ஸ்டர் (கூரை தொறக்கிற ரெண்டு சீட்டு வண்டி) சீப்பா வருதுன்னு போறவங்க இந்த எண்பதாயிரத்த மொதல்லயே கணக்குல எழுதிக்கோங்க. பழைய வண்டிக்குப் போடற நம்ம பசுமை வரியும் இருக்கு. வேற ஊர் ஆர்டிஓ வண்டின்னா அந்த ஆபீஸ் குடுக்கிற என்ஓசி (ஆட்சேபணை இல்லன்னு சான்று), லோன் இருந்த வண்டின்னா ஹெச்பி, அதாவது லோன் குடுத்தவங்க பேர், கேன்சல் ஆன ஆர்சி, ரெண்டும் கைல வராம முழுப் பணம் குடுக்காதீங்க. தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 2022-ல வெச்ச கணக்குப்படி 1000-ல இருந்து 1500 சிசி வரைக்கும் 3,416, அதுக்கு மேல போனா 7,897, ஜிஎஸ்டி தனி. 1.5-க்கும் 1.6-க்கும் நூறு சிசிதான் வித்தியாசம், ப்ரீமியம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறுது பாருங்க.

மெக்கானிக்க மொதல்ல புடிங்க, வண்டிய அப்புறம் புடிங்க

சேலத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு பெரிய கொடுப்பினை இருக்கு, அது நமக்கே தெரியறதில்ல. இந்தப் பக்கம் நாமக்கல், அந்தப் பக்கம் சங்ககிரி, சுத்தி லாரித் தொழில். அதனால லேத், ரேடியேட்டர் கடை, பட்டை (ஸ்பிரிங்) வேலை, வெல்டிங், டைனமோ செல்ப் பாக்கறவங்கன்னு இங்க கைவேலை தெரிஞ்ச ஆளுங்க தெருவுக்குத் தெரு இருக்காங்க. பார்ட் கிடைக்கலன்னா செஞ்சே குடுத்துருவாங்க. என் வண்டிக்கு பின்பக்க சஸ்பென்ஷன்ல ஒரு புஷ் ஒரிஜினல் எங்கயும் கிடைக்கல, செவ்வாய்பேட்டை பக்கம் ஒரு லேத் அண்ணன் கிட்ட தேஞ்ச பழசக் கொண்டுபோய் குடுத்தேன். அவரு வெர்னியர வெச்சு அளந்துட்டு, "தம்பி இது தேஞ்சது, தேஞ்ச அளவுக்கு செஞ்சா தேஞ்சதுதான் கிடைக்கும், தேயாத பக்கத்து புஷ்ஷையும் கழட்டிட்டு வா"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அடுத்த நாள் கொண்டுபோனேன். பாலியூரித்தேன் உருளைய சக்குல மாட்டி, கொஞ்சம் கொஞ்சமா கடைஞ்சு, ஒவ்வொரு தடவையும் நிறுத்தி ஆற விட்டு அளந்தாரு, ஏன் ஆற விடறீங்கன்னு கேட்டா சூட்டுல இது ஊதும், சூட்டோட அளந்தா குளுந்ததும் லூசாயிரும்னாரு. நாலு வருஷம் ஆச்சு, இன்னும் அந்த புஷ்ல ஒரு சத்தம் இல்ல.

ஆனா இன்ஜின், எலக்ட்ரிக்கல் ரெண்டுக்கும் அந்த மாடல் தெரிஞ்ச ஒருத்தரு வேணும். வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே போய் பேசுங்க, அண்ணா இந்த மாடல் எத்தன பிரிச்சிருக்கீங்கன்னு நேரா கேளுங்க. பாக்காமலே "எல்லாம் பண்ணிரலாம்"னு சொல்றவர விட "இது எனக்கு தெரியாது தம்பி, கோயமுத்தூர்ல ஒருத்தர் இருக்காரு"ன்னு சொல்றவரு நல்ல மெக்கானிக். கோயமுத்தூர் நமக்கு மூணு மணி நேரம்தான், ரேஸ் ஓட்டி, ரேஸ் வண்டியும் கட்டின கரிவரதன் காலத்துல இருந்து ரேஸ் வண்டி கட்டற ஊரு அது, செட்டிபாளையத்துல அவர் பேர்லயே டிராக் இருக்கு. அந்த ஊர் பட்டறைங்கள்ல வேலை பழகினவங்க கை தனி.

மலை ஏத்துறதுக்கு முன்னாடி மூணு வேலை

வாங்கின வாரமே ஏற்காடு போகணும்னு கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தயவுசெஞ்சு பொறுங்க. பிரேக், கூலிங், டயர். இந்த மூணும் முடியற வரைக்கும் மலைக்குப் போற வழில இருக்கிற கோரிமேடு தாண்டாதீங்க.

ஏன்னு ஒரு கணக்கு சொல்றேன். சேலம் கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். இறங்கும்போது 1200 மீட்டருக்கு மேல கீழ வரீங்க. ரெண்டு பேர் உக்காந்த வண்டி 1250 கிலோன்னு வெச்சுக்கோங்க, அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வர்ற சக்தி மொத்தமும் சூடா மாறினா 45 லிட்டர் தண்ணிய கொதிக்க வெச்சுரும். மூணு குடம் தண்ணி. அந்த சூட்ட இன்ஜினும் காத்தும் கொஞ்சம் வாங்கிக்கணும், வாங்கலன்னா அத்தனையும் ரெண்டு டிஸ்க்கு ரெண்டு டிரம்முக்குள்ள போகும்.

பிரேக் ஆயிலு காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சற சாமான். டாட் 4-ங்கற ரக பிரேக் ஆயிலு புதுசுல 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் புடிச்சுட்டா அது 155 டிகிரிக்கு இறங்கலாம். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி குமிழ் வரும், ஆவிய அழுத்தினா சுருங்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. நான் இத புஸ்தகத்துல படிச்சு சொல்லல. மேல சொன்ன அந்த லட்ச ரூபாய் வேலைல பிரேக்க கடைசியா வெச்சிருந்தேன், ஓட்டிப் பாத்தப்ப சேலம் ரோட்டுல நல்லாத்தான் புடிச்சுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மலைல இருந்து இறங்கிட்டு இருக்கேன், மூணாவது கியர், ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக். பாதி இறங்கியிருப்பேன், கருகின வாசம். அடுத்த கொண்டை ஊசிக்கு மிதிச்சா பெடல் கால்வாசி வழி சும்மாவே போச்சு. ரெண்டு தடவ பம்ப் பண்ணி, ரெண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்க மெதுவா இழுத்து, மலைச் சுவத்துப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். பக்கத்துல இருந்தவ என் மனைவி, மடில எங்க பொண்ணு. மேல இருந்து எஸ்டேட் ஜீப் ஓட்டிட்டு வந்த ஒரு பெரியவர் நிறுத்தி இறங்கி வந்தாரு, சக்கரத்துக்கு ஒரு கல்ல முட்டுக் குடுத்தாரு, டிஸ்க்கு மேல தண்ணி ஊத்தப் போன என் கையப் புடிச்சு, "ஊத்தாதய்யா, வளைஞ்சு போயிரும், தானா ஆறட்டும்"னாரு. அப்புறம் சொன்னாரு, "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கணும்." முக்கால் மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தோம். அடுத்த நாள் பட்டறைல பிரேக் ஆயில கழட்டினா காப்பி டிக்காஷன் நிறத்துல வந்துச்சு.

அதனால பிரேக் ஆயிலு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, கிலோமீட்டர் பாக்க வேணாம். பேட் நல்ல கம்பெனியா போடுங்க, சீப்பு பேடு கீழ புடிக்கும், மலைல சூடானா வழுக்கும். பின்னாடி டிரம்ம தொறந்து வீல் சிலிண்டர் கசியுதான்னு பாருங்க. ரப்பர் பிரேக் ஹோஸ் இருபது வருஷப் பழசா இருந்தா கண்ண மூடிட்டு மாத்துங்க, விலை பெருசில்ல.

கூலிங்குக்கு வருவோம். உயரத்துக்குப் போகப் போக தண்ணி சீக்கிரமே கொதிக்கும், ஏற்காட்டுல தொறந்த பாத்திரத்துல ஏறக்குறைய 95 டிகிரிலயே கொதிச்சுரும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் குடுத்து வெச்சிருக்கிறதாலதான் இன்ஜின்ல அது நூறு தாண்டியும் கொதிக்காம நிக்குது. இருபது வருஷத்து மூடில ஸ்பிரிங் தளந்திருக்கும், அஞ்சாறு நூறு ரூபாய்ல முடியற அந்த மூடியால ஹெட் கேஸ்கட் போன வண்டிங்க இருக்கு. மூடிய மாத்துங்க, தெர்மோஸ்டாட்ட (இன்ஜின் சூடானதும் கூலன்ட்ட ரேடியேட்டருக்கு தொறந்து விடற வால்வு) மாத்துங்க, யாராவது "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வேணாம்"னு கழட்டிப் போட்டிருந்தா திரும்பப் போடுங்க, அது இல்லாம இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க, நம்ம போர் தண்ணில இருக்கிற உப்பு ரேடியேட்டர் கோர அடைச்சுரும், கூலன்ட் கலந்ததுதான் ஊத்தணும். ஏறும்போது டெம்பரேச்சர் முள்ள அடிக்கடி பாருங்க, ஏறிட்டே போச்சுன்னா ஏசிய ஆப் பண்ணி ஹீட்டர முழுசா போடுங்க, ஜன்னல தொறந்துட்டு ஒரு இடம் பாத்து நிறுத்துங்க.

டைமிங் பெல்ட்ட இங்கயே சொல்லிடறேன். எப்ப மாத்தினாங்கன்னு பில்லு இல்லாத வண்டில மொத வேலை அதுதான். இந்த மாதிரி இன்ஜின்ல பெல்ட் அறுந்தா பிஸ்டன் போய் வால்வ இடிக்கும், ஒன்பதாயிரத்துல முடியறது அறுபதாயிரத்துக்குப் போகும்.

எதுக்கு இவ்வளவு பாடு

இதுக்குத்தான். காலைல அஞ்சரைக்கு வீட்ட விட்டு கிளம்பி, அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம். பஸ்சு கம்மி, டூரிஸ்ட் வண்டி எதுவும் இன்னும் எந்திரிச்சிருக்காது. கீழ வெதுவெதுன்னு காத்து, அஞ்சாறு வளைவு தாண்டினதும் ஜன்னல்ல கை வெச்சா சில்லுன்னு இருக்கும். மொத்தம் 20 கொண்டை ஊசி. ரெண்டாவது கியர்ல வளைவுக்குள்ள நுழைஞ்சு, ஸ்டீயரிங்க திருப்பும்போது முன் டயர் எவ்வளவு புடிக்குதுன்னு உள்ளங்கைல தெரியும், வளைவு தொறந்ததும் மிதிச்சா ஆக்சிலரேட்டர் கேபிள் நேரா த்ராட்டில தொறக்குது, முள்ளு மேல ஏறுது, அந்த இடத்துல சத்தம் மாறும் பாருங்க, அதுவரைக்கும் முனகிட்டு இருந்த இன்ஜின் தொண்டையத் தொறந்து பாடும். வி-டெக்னா அதுதான். கீழ ஆர்பிஎம்ல வால்வு கொஞ்சமா தொறக்கிற கேம்ல ஓடும், மேல போனதும் ஆயில் பிரஷர் ஒரு சின்ன பின்ன தள்ளி ராக்கர் ஆர்ம ஒண்ணா பூட்டும், வால்வு பெரிய கேம்ல ஆழமா தொறக்கும். எல்லாமே ஆயில் பிரஷர்ல நடக்குது, அதனால ஆயில் லெவல் கம்மியானா, ஆயில் அழுக்கானா அந்த பாட்டு வராது. என் வண்டில வாரா வாரம் டிப்ஸ்டிக் பாக்கறேன், 5,000 கிலோமீட்டருக்கு ஆயில் மாத்தறேன்.

மேல போகப் போக காத்து இளைக்கும், ஏற்காடு உயரத்துல டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஏழுல ஒரு பங்கு சக்தி போயிரும், 106 குதிரை தொண்ணூறு சொச்சமா ஆயிரும். அது கோளாறு இல்ல, கார்புரேட்டர சுத்தறேன் இன்ஜின திருகறேன்னு யார் கிட்டயும் குடுக்காதீங்க, ஒரு கியர் கீழ இறக்கி ஓட்டுங்க.

இன்னொண்ணு, அந்த ரோடு ரேஸ் டிராக் இல்ல. அங்க காலேஜ் பசங்க, பால் வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைங்க, காட்டெருமை எல்லாம் வரும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, சட்டமும் அதத்தான் சொல்லுது. எதிர் பக்கக் கோட்ட தாண்டி வளைவ வெட்டாதீங்க. முழு வேகமும் பாக்கணும்னா இருங்காட்டுக்கோட்டைலயும் செட்டிபாளையத்துலயும் டிராக் இருக்கு, அதுக்குன்னு நாள் பாத்து பணம் கட்டி போங்க. மலைல ஆனந்தம் நாப்பது அம்பதுலயே இருக்கு, பழைய வண்டியோட பெருமையே அதுதான், புது வண்டில நூறு போனாலும் ஒண்ணும் தெரியறதில்ல.

மார்ச் ஏப்ரல்ல ஒரு நல்ல மழை பேஞ்சு எட்டு பத்து நாள் கழிச்சு போனீங்கன்னா எஸ்டேட் பூரா காப்பி பூ பூத்து வெள்ளையா நிக்கும், ஜன்னல இறக்கி விட்டுட்டு நாகலூர் ரோட்டுல மெதுவா போங்க, மல்லியப்பூ மாதிரி வாசம்.

மலைலயே வெச்சிருக்கிறவங்களுக்கு

எஸ்டேட் வெச்சிருக்கிற என் சினேகிதர் ஒருத்தர் கூரை மடங்கற ஜெர்மன் ரோட்ஸ்டர் வெச்சிருக்காரு. சில்வர் ஓக் மரத்தடில நிறுத்துவாரு. ஒரு மழைக்காலம் முடிஞ்சு கூரை பட்டன அமுக்கினா சத்தமே இல்ல. நானும் கூட நின்னு பாத்தேன், கூரை மடங்கற குழில இருந்து தண்ணி வெளிய போக ரெண்டு பக்கமும் சின்ன டியூப் இருக்கு, பென்சில் தடிமன். சில்வர் ஓக் இலை மட்கி, பூந்தாதும் மண்ணும் சேந்து, டியூப் வாய்ல கருப்பா களி மாதிரி அடைச்சிருந்துச்சு. தண்ணி போக வழியில்லாம உள்ள நின்னு, கூரைய இயக்கற மோட்டார் குடியிருக்கிற பள்ளத்துல இறங்கி, மோட்டார் முங்கிப் போச்சு. ஒரு லட்சத்துக்கு மேல செலவு. பைக் கிளட்ச் கேபிளோட உள் கம்பிய எடுத்து முனைய மழுக்கி, மெதுவா விட்டு குத்தி எடுத்தோம், அப்புறம் ஒரு சொம்பு தண்ணி ஊத்தி சக்கரத்துக்குப் பக்கத்துல வெளிய வருதான்னு பாத்தோம். கூரை மடங்கற எந்த வண்டியா இருந்தாலும், ஏன் சன்ரூப் இருக்கிற வண்டியா இருந்தாலும், மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ, முடிஞ்சதும் ஒரு தடவ இத செய்யுங்க. காத்தடிக்கிற கம்ப்ரசர் வெச்சு ஊதாதீங்க, உள்ள டியூப் கழண்டு தண்ணி சீட்டுக்கு கீழ வந்துரும்.

மலை ஈரத்துல சீட்டு பூஞ்சை புடிக்கும், டிஸ்க் ஒரு ராத்திரில செம்பழுப்பாயிரும். முழுசா மூடற பிளாஸ்டிக் கவர் போட்டா உள்ள வேர்த்து இன்னும் மோசமாகும், மேல கூரை இருந்து பக்கம் காத்தாட இருந்தா போதும்.

நிறுத்தி வைக்கிறது, பெட்ரோல், எலி

வண்டிய வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் வெச்சு ஆப் பண்றது நல்லதுன்னு பலரும் நினைக்கறாங்க. அது கெடுதல். இன்ஜின் முழு சூட்டுக்கு வராம ஆயில்ல ஈரம் சேரும், சைலன்சர் உள்ளருந்து அரிக்கும். எடுத்தா இருபது கிலோமீட்டராவது ஓட்டுங்க, கொண்டலாம்பட்டி பைபாஸ் ஒரு சுத்து போதும்.

இப்ப பங்க்ல வர்றது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முன்னாடி வந்த வண்டிங்க பெரும்பாலும் அதுக்குன்னு செஞ்சதில்ல, ரொம்பப் பழைய வண்டின்னா சுத்தமா இல்ல. எத்தனால் பழைய ரப்பர ஊற வெச்சு விரிசல் விட வைக்கும், ஈரத்தையும் இழுக்கும், மைலேஜும் கொஞ்சம் குறையும். பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற ஹோஸா மாத்துங்க, பில்டரயும் சேத்து. பானட்டுக்குள்ள பெட்ரோல் வாசம் வந்தா அன்னிக்கே நிறுத்திப் பாருங்க, நாளைக்கு பாக்கலாம்னு விடாதீங்க, சூடான மேனிபோல்டுக்கு மேல சொட்டினா தீ. மாசக்கணக்கா நிறுத்தப் போறீங்கன்னா பேட்டரி நெகட்டிவ்வ கழட்டுங்க, டயர்ல நாலு பாயின்ட் காத்து கூட்டி வைங்க.

எலிய மறந்துடாதீங்க. ஒரே ராத்திரில இன்ஜெக்டர் வயர கடிச்சு வெச்சிரும், பழைய வண்டிக்கு வயரிங் ஹார்னஸ் புதுசு கிடைக்கிறது குதிரைக் கொம்பு. வண்டிக்குள்ள தின்ன சாமான் வைக்காதீங்க, ராத்திரி பானட்ட தொறந்து வைங்க, வெளிச்சம் படற இடத்துல எலி தங்கறது கம்மி. எங்க வீட்டுல அம்மா பொயிலைய துணில முடிஞ்சு இன்ஜின் ஓரமா கட்டி வெச்சாங்க, சூடாகாத இடமா பாத்து. அதுக்கப்புறம் எலி வரல.

கடைசியா ஒரு பழக்கம். மலை போயிட்டு வந்தா உடனே சாவிய திருப்பாதீங்க, ஒரு நிமிஷம் ஐடில்ல விடுங்க, டர்போ வண்டின்னா ரெண்டு நிமிஷம். நிறுத்தினதும் இன்ஜினுக்கு அடில பழைய தினசரி பேப்பர ரெண்டு ஷீட்டு விரிச்சு, மேல ஒரு கல்லு வெச்சுட்டு தூங்கப் போங்க. காலைல பேப்பர்ல கருப்பு சொட்டுன்னா இன்ஜின் ஆயிலு, செவப்புன்னா பவர் ஸ்டீயரிங், பச்சையோ ரோஸோ இருந்து தொட்டா வழவழன்னா கூலன்ட், சக்கரத்துக்கு உள்பக்கம் எண்ணெய் மாதிரி கசிஞ்சு பெயின்ட்ட உரிக்குதுன்னா பிரேக் ஆயிலு. எந்த இடத்துல சொட்டியிருக்குன்னு பேனால வட்டம் போட்டு, தேதி எழுதி, மெக்கானிக் கிட்ட அந்த பேப்பரயே கொண்டுபோய் குடுங்க.